சூப்பானை விடவைப்பது எப்படி? பெற்றோர் கேள்விகளும் பதில்களும்

குழந்தைகளின் பற்களைக் கவனிப்பது என் தொழில். பேசிஃபையர் எனப்படும் சூப்பானைப் பற்றி வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

டாக்டர், என் பையனுக்கு 14 மாசம். மாமியார் "அவனாவே விட்டுடுவான்"னு சொல்றாங்க. தோழி "ஒரு வயசுக்கு மேல கையிலயே கொடுக்காதே"ங்கிறா. யார் சொல்றதைக் கேக்கறது?

இருவர் சொல்வதிலும் பாதி சரி. முதல் வருடத்தில் தூங்கும் நேரத்துக்குச் சூப்பான் கொடுக்கலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமே சொல்கிறது. தூக்கத்தில் நேரும் திடீர் சிசு மரணத்தின் அபாயம் அதனால் குறைகிறது. அந்த மரணங்களில் பெரும்பாலானவை முதல் ஆறு மாதங்களில் நடப்பவை. ஒரு வயதைத் தாண்டிய உங்கள் மகனுக்கு அந்தப் பாதுகாப்பு இனித் தேவைப்படாது. மறுபக்கம், ஆறு மாதத்துக்குப் பிறகு சூப்பான் சப்பும் குழந்தைகளுக்கு நடுக்காதில் சீழ் பிடிப்பது அதிகம். 18 மாதத்தைத் தாண்டினால் பல்வரிசையும் தாடையும் மாறத் தொடங்கலாம்.

பல குழந்தைகள் இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் தானாகவே விடுவது உண்மைதான். ஆனால் நான்கு வயது வரை காத்திருப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். இன்றிலிருந்து பகலில் விளையாடும் நேரத்தில் மட்டும் கொடுக்காமல் இருங்கள். இந்த வயதில் கண்ணில் படாவிட்டாலே பாதி நேரம் ஞாபகம் வராது.

மகளுக்கு ரெண்டரை வயசு. பல்லைச் சேர்த்துக் கடிச்சாலும் முன்னாடி ஒரு ஓட்டை தெரியுது. இது இப்படியே இருந்துடுமா? பயமா இருக்கு.

பயப்பட வேண்டாம், நல்ல நேரத்தில் கவனித்திருக்கிறீர்கள். "ஈ" சொல்லச் சொல்லிப் பாருங்கள். கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவில் முட்டை வடிவத்தில் ஓர் இடைவெளி, அதில் நாக்கின் நுனி எட்டிப்பார்க்கும். முன்திறந்த கடி என்பது இதுதான். முளைக்கும் பல், எதிர்ப்பல்லைத் தொடும்வரை வளர்ந்துகொண்டே வரும். நடுவில் ரப்பர் இருந்தால் அங்கேயே நின்றுவிடுகிறது.

சூப்பானை இப்போது நிறுத்தினால் அடுத்த சில மாதங்களில் இந்த இடைவெளி பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். இன்னொன்றையும் பாருங்கள்: பக்கவாட்டில் மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே தள்ளி இறங்குகின்றனவா? சப்பும்போது கன்னங்கள் உள்ளே அழுத்தும்; அண்ணத்தைத் தாங்க வேண்டிய நாக்கு கீழே கிடக்கும்; மேல்தாடை குறுகிவிடும். இது முன்திறந்த கடி போல எளிதில் தானாகச் சரியாவதில்லை. அப்படித் தெரிந்தால் குழந்தைகள் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நிலைத்த முன்பற்கள் ஆறு வயதுவாக்கில்தான் வரும் என்பதால் அவகாசம் இருக்கிறது. "பல்லுக்குப் பாதுகாப்பான வடிவம்" என்று விற்கும் சூப்பானுக்கு மாறுவது தீர்வாகாது. நாள்பட்டால் எந்த வடிவமும் பல்லைத் தள்ளும்.

பகல்ல பிரச்சினையே இல்லை சார். ராத்திரி வாயிலேருந்து விழுந்தா உடனே முழிச்சு அழறான். நானும் மனைவியும் மாறி மாறி எழுந்து கட்டிலுக்கடியில தேடறோம். வயசு ஒண்ணே முக்கால்.

நாம் எல்லோருமே இரவில் பலமுறை அரைகுறையாக விழித்துப் புரண்டு மறுபடி தூங்கிவிடுகிறோம். உங்கள் மகனும் அப்படித்தான் விழிக்கிறான். ஆனால் சூப்பானோடு தூங்கப் போனவன், விழிக்கும்போது அது இல்லை என்றால் முழுதாக எழுந்துவிடுகிறான். சூப்பான் இல்லாமல் மறுபடி தூங்க அவனுக்குத் தெரியவில்லை.

அதனால் சூப்பானைப் பிடுங்குவதற்கு முன்னால், அது செய்துவந்த வேலையை வேறொன்றுக்குக் கொடுங்கள். ஒரு வயது தாண்டிவிட்டதால் சின்னத் துணிப்பொம்மையோ மெல்லிய துணியோ படுக்கையில் வைக்கலாம். சூப்பான் இருக்கும்போதே ஒரு வாரம் அதையும் சேர்த்து அணைத்துத் தூங்கட்டும். தினமும் ஒரே வரிசை: விளக்கைக் குறைப்பது, ஒரே தாலாட்டு, முதுகில் மெதுவாகத் தட்டுவது. அடுத்து மதியத் தூக்கத்தில் சூப்பானை நிறுத்துங்கள். அது பழகிய பிறகு இரவில்.

முதல் சில இரவுகள் அழுவான். தனியே அழவிட வேண்டியதில்லை; பக்கத்தில் உட்காருங்கள், தட்டிக்கொடுங்கள், தூக்கிக்கொள்ளுங்கள். சூப்பானை மட்டும் கொடுக்காதீர்கள். ஒரு மணி நேரம் அழுத பிறகு மனம் தாங்காமல் கொடுத்துவிட்டால், ஒரு மணி நேரம் அழுதால் கிடைக்கும் என்று அவன் புரிந்துகொள்வான். அடுத்த இரவு இன்னும் கடினமாகும். கணவனும் மனைவியும் முன்கூட்டியே பேசி முடிவெடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். ஒருவர் உறுதியாக நின்று மற்றவர் இளகினால் குழந்தைக்குத்தான் குழப்பம்.

நுனியை வெட்டிவிட்டா சப்ப முடியாம விட்டுடும்னு சொல்றாங்களே? கசப்பு தடவலாமா?

இரண்டுமே வேண்டாம். வெட்டிய ரப்பரைக் குழந்தை கடித்தால் துண்டு பிய்ந்து மூச்சுக்குழாயில் போய்விடும். கீறல் விழுந்த பழைய சூப்பானையும் இதே காரணத்துக்காகத் தூக்கிப் போடுங்கள். கசப்பு தடவுவது, ஆறுதலுக்கென்று நீங்களே கொடுத்த பொருளைத் தண்டனையாக மாற்றுவது. எனக்கு அது பிடிக்கவில்லை.

இதற்கு நேர்மாறாக, அழுகையை அடக்கத் தேனிலோ சர்க்கரையிலோ தோய்த்துக் கொடுப்பதும் கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற கடுமையான நஞ்சேற்றம் வரலாம். பல் முளைத்த குழந்தைக்குச் சொத்தை வரும் அபாயம் அதிகம். கழுத்தில் கயிறு கட்டி மாட்டிவிடும் பழக்கம் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள், கழுத்து இறுகும்.

பேரனுக்கு மூணு வயசு முடியப்போகுது. காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சுன்னு சொல்லிடலாமா டாக்டர்?

வேண்டாம் அம்மா. மூன்று வயதில் அவனுக்குக் காரணம் சொன்னால் புரியும். "பல் வளைஞ்சு போகுது கண்ணு, ஞாயித்துக்கிழமை இதுக்கு டாட்டா சொல்லிடலாம்" என்று சில நாள் முன்பிருந்தே சொல்லிவாருங்கள். அன்று அவன் கையாலேயே ஒரு டப்பாவில் போடட்டும்; பிடித்த பொம்மை ஒன்றை அவனே தேர்ந்தெடுக்கட்டும். தானே கொடுத்த பொருளைக் குழந்தை அதிகம் தேடுவதில்லை. காக்கா தூக்கிப் போனது என்றால் ஜன்னலைப் பார்த்தே உட்கார்ந்திருப்பான்.

சூப்பானை நிறுத்தினா விரல் சூப்ப ஆரம்பிச்சுடுவாளோ?

சில குழந்தைகள் செய்வார்கள். திட்டாமல், கையைத் தட்டிவிடாமல், பொம்மையையோ வேறு வேலையையோ கையில் கொடுங்கள். சட்டென்று பறிக்காமல் படிப்படியாக நிறுத்துவது இதற்காகவும்தான்.

ரெண்டு வயசாச்சு, இன்னும் ஒவ்வொரு வார்த்தையாத்தான் பேசறா. சூப்பான்தான் காரணமா?

நாள் முழுக்க வாய் அடைபட்டிருந்தால் மழலை குறையும். "எடுத்துட்டுச் சொல்லு, அம்மாவுக்குப் புரியலை" என்று ஒவ்வொரு முறையும் அன்பாகச் சொல்லுங்கள். ஆனால் பழியை முழுக்கச் சூப்பான்மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை என்றால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள், காதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நடுக்காதில் நீர் கட்டியிருந்தால் கேட்பது மந்தமாகி, பேச்சும் பின்தங்கும்.

அடுத்த மாசம் எனக்கு ரெண்டாவது பிரசவம். அதுக்குள்ள பெரியவனை நிறுத்த வெச்சுடலாமா?

பிரசவத்தை ஒட்டி வேண்டாம். பகலில் குறைப்பதை மட்டும் இப்போது செய்யுங்கள். தம்பியோ தங்கையோ வந்து வீடு ஒரு நிலைக்கு வந்த பிறகு இரவுச் சூப்பானை நிறுத்தலாம். காய்ச்சல், வீடு மாறுவது, பள்ளியில் சேர்ப்பது எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

நிறுத்திப் பத்து நாள் ஆச்சு. நேத்து சளி, காய்ச்சல். பாட்டி பழைய சூப்பானை எடுத்துக் கொடுத்துட்டாங்க. எல்லாம் போச்சா?

ஒன்றும் போகவில்லை. உடம்பு தேறியதும் மறுபடி நிறுத்துங்கள். இந்த முறை சீக்கிரமே பழகிவிடும். பாட்டியிடம் வருத்தப்பட்டுப் பேசாதீர்கள். துணிப்பொம்மையைக் கொடுத்துத் தட்டித் தூங்கவைக்கும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். கைப்பை, வண்டி, மெத்தை இடுக்கு எல்லாம் தேடி மிச்சமிருக்கும் சூப்பான்களை வீட்டைவிட்டே அனுப்பிவிடுங்கள்.