இருபது வயது நிறைவதற்குள்

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குப் பதினேழு வயதில் கல்யாணம் செய்துவைத்தார்கள். இப்போது பத்தொன்பது முடிந்து நாலு மாதம். பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். பெண்ணின் திருமண வயதை 21 ஆக்கிச் சட்டம் வந்துவிட்டது, அதனால் அந்தக் கல்யாணமே செல்லாது, கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், தர்மபுரி

அன்புள்ள வாசகருக்கு,

இரண்டுமே தவறு. அந்தப் பெண்ணுக்கு இன்னும் எட்டு மாதம்தான் இருக்கிறது.

2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் அப்படிக் கல்யாணம் செய்துவைப்பதைக் குற்றம் என்கிறது. ஆனால் கல்யாணம் தானாக ரத்தாவதில்லை. பிரிவு 3இன்படி அவளே மனு போட்டுக் கேட்க வேண்டும், அதுவும் மேஜராகி இரண்டு ஆண்டு நிறைவதற்குள். 20 வயது நிறைந்துவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும், பிறகு விவாகரத்துதான். (கடத்தியோ, ஏமாற்றியோ, விலைபேசியோ மைனர் பெண்ணுக்குக் கட்டிய தாலி என்றால் பிரிவு 12இன்படி அடியோடு செல்லாது.)

21 வயது மசோதா 2021 டிசம்பரில் மக்களவைக்கு வந்து, நிலைக்குழுவுக்குப் போய், 2024இல் அவை கலைந்தபோது காலாவதியாகிவிட்டது. மனுவுக்கான இரண்டு ஆண்டை ஐந்தாக்கும் திருத்தமும் அதே மசோதாவில் இருந்தது. ஊரெல்லாம் 21 சரியா தவறா என்று வாதாடியதில் அது எடுபடவே இல்லை. எனக்கு மனசு ஆறாதது இதுதான். கையில் காசில்லாமல், இடுப்பில் குழந்தையோடு புகுந்த வீட்டில் இருக்கும் பதினெட்டு வயதுப் பெண் வக்கீலைத் தேடிப் போக இரண்டு ஆண்டு எப்படிப் போதும்? அந்தத் திருத்தத்தையாவது தனியாக நிறைவேற்றியிருக்கலாம்.

இனி செய்ய வேண்டியது. அவள் இப்போது இருக்கும் ஊருக்குரிய குடும்ப நல நீதிமன்றத்தில், அது இல்லையென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் மனு போடலாம். வக்கீலுக்குப் பணம் வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, மண்டப ரசீது எல்லாவற்றையும் கொண்டுபோகட்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி, பள்ளியில் சேர்த்தபோது கொடுத்தது வேறு தேதி என்று இருப்பது சகஜம். அப்படி இருந்தால் முந்தைய தேதியை வைத்தே கெடுவை எண்ணுங்கள்.

பழக்கதோஷத்தில் சில வக்கீல்கள் இந்து திருமணச் சட்டத்தின்கீழ் விவாகரத்து மனுவாக எழுதிவிடுவார்கள். கையெழுத்துப் போடுமுன் மனுவில் பிரிவு 3 இருக்கிறதா என்று அவள் பார்க்க வேண்டும். நகை, பணம், சீர் திரும்பக் கேட்பதும், மறுமணம் வரைக்கும் ஜீவனாம்சம் கேட்பதும் இதே மனுவில் முடியும். குழந்தை இருந்தால், திருமணம் ரத்தானாலும் அது சட்டப்படியான வாரிசுதான்.

பெரியவர்கள் கூடிப் பேசி முடிக்கலாம் என்பார்கள். பேசட்டும், மனு தாக்கலான பிறகு.