கேள்வி – பதில்: முதல் பதிப்பா, மறுபதிப்பா?

இசைத்தட்டுச் சேகரிப்பு தொடர்பாக வந்திருந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: பீட்டில்ஸ் குழுவின் 'சார்ஜண்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்' ஆல்பத்தின் பழைய பிரிட்டிஷ் எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு) ஒன்றை என் தந்தையார் விட்டுச் சென்றிருக்கிறார். 2017இல் வெளிவந்த ஆறு வட்டுப் பெட்டியை வாங்க நினைக்கிறேன். அது வந்துவிட்டால் பழைய தட்டை விற்றுவிடலாம் என்கிறான் என் மகன். தங்கள் கருத்து என்ன? (வாசகர், திருச்சி)

பதில்: மகனைச் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். தட்டின் நடுவே ஒட்டியுள்ள லேபிளில் 'பி.எம்.சி. 7027' என்று இருக்கிறதா, 'பி.சி.எஸ். 7027' என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முன்னது ஒலி முழுவதும் ஒன்றாகவே வரும் மோனோ, பின்னது இடம், வலம் என இரண்டாகப் பிரிந்து வரும் ஸ்டீரியோ. என் பதிலில் பாதி இந்த மூன்று எழுத்துகளைப் பொறுத்தது.

1967இல் பிரிட்டனில் பாட்டுக் கேட்ட இளைஞர்களில் பெரும்பாலோர் வைத்திருந்தது ஒற்றை ஒலிபெருக்கி கொண்ட மோனோ கருவிதான். ஆகவே குழுவினரும் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக்கும் கூடி உட்கார்ந்து, எந்த வாத்தியம் எங்கே எவ்வளவு கேட்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து முடித்தது மோனோ கலவையைத்தான். ஸ்டீரியோ கலவை, குழுவினர் அருகில் இல்லாமலே சில நாட்களில் முடிந்த வேலை. இதனால் ஒரே ஆல்பம் இரண்டு வடிவங்களாக ஊருக்குள் வந்துவிட்டது. 'ஷீஸ் லீவிங் ஹோம்' பாடலை இரண்டிலும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். மோனோவில் வேகமும் சுருதியும் சற்றுக் கூடுதலாக இருக்கும். அதைக் கேட்டுவிட்டு ஸ்டீரியோவுக்கு வந்தால் பாடுகிறவர்களுக்குத் தூக்கம் வந்துவிட்டதோ என்று தோன்றும். இந்த மோனோ கலவை சிடி வடிவில் வருவதற்கு 2009 வரை ஆயிற்று.

2017ஆம் ஆண்டுப் பதிப்பு வேறு வகை. ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் பழைய கலவையைத் துடைத்து மெருகேற்றியதோடு நிற்காமல், மூல நாடாக்களுக்கே போய்ப் புதிதாக ஒரு ஸ்டீரியோ கலவையைச் செய்தார். அந்நாளில் நான்கு தடங்கள் (ஒலிகளைத் தனித்தனியே பதியும் வரிசைகள்) கொண்ட நாடாவில்தான் பதிவு செய்தார்கள். நான்கும் நிரம்பியதும் அவற்றைச் சேர்த்து இன்னொரு நாடாவில் ஒன்றிரண்டு தடங்களாக இறக்கிவிட்டு, மிச்சமிருந்த தடங்களில் மேற்கொண்டு வாத்தியங்களைப் பதிவார்கள். இப்படி இறக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி கொஞ்சம் மங்கும். ஜைல்ஸ் அப்படி இறக்குவதற்கு முந்தைய நாடாக்களை எடுத்துக் கணினியில் ஒன்றோடொன்று பொருத்தியதால், டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் 1967இல் யாருமே கேட்டிராத தெளிவோடு கேட்கின்றன. மோனோ கலவையை வழிகாட்டியாக வைத்துக்கொண்டதால் 'ஷீஸ் லீவிங் ஹோம்' அதில் மோனோவின் வேகத்திலேயே போகிறது. நான் அதை விரும்பியே கேட்கிறேன். ஆயினும் அது தந்தையார் கேட்ட ஆல்பம் அன்று.

இதற்குச் சான்றாக உங்கள் தட்டிலேயே ஒன்று இருக்கிறது. இரண்டாம் பக்கம் 'எ டே இன் த லைஃப்' பாடலின் அந்த நீண்ட பியானோ ஒலி அடங்கும் வரை காத்திருங்கள். நாய்க்குக் கேட்கக்கூடிய, வயதானவர்கள் காதுக்கு எட்டாத ஒரு மெல்லிய கீச்சொலி வரும். அதன் பிறகு முள் கடைசி வட்டத்துக்குள் இறங்கியதும் பொருள் விளங்காத பேச்சும் சிரிப்பும் கேட்கும். அந்த வட்டம் தன்னையே சுற்றி மூடிக்கொண்டது. தட்டை ஓட்டும் உங்கள் டெக் தானாகக் கை தூக்காததாக இருந்தால், எழுந்து போய் நீங்கள் முள்ளை எடுக்கும் வரை அந்தச் சிரிப்பு ஓயாது. சிடியில் அது சில முறை சுற்றிவிட்டு மெல்ல மறைந்துவிடுகிறது. வேறென்ன செய்ய முடியும்? வட்டுக்கு முடிவு உண்டே.

ஆகவே உங்களுடையது மோனோவாக இருந்து, பெரிய கீறல்களும் இல்லை என்றால், புதியதில் இரண்டு வட்டுப் பதிப்பே போதும். ஸ்டீரியோ என்றால் பெரிய பெட்டிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அதன் நான்காம் வட்டில் மோனோ கலவை உள்ளது. எப்படியானாலும் பழைய தட்டை விற்காதீர்கள். சிடி வந்த மோகத்தில் 1990களில் என் எல்.பி.களில் பாதியைப் பழைய புத்தகக் கடையில் கொண்டுபோய்ப் போட்டேன். அவற்றில் மூன்றைத் திரும்ப வாங்குவதற்கு நான் கொடுத்த விலை என் வீட்டாருக்கு இன்றுவரை தெரியாது.

கேள்வி: ரீமாஸ்டர், ரீமிக்ஸ் என்று உறைகளில் போடுகிறார்களே, இரண்டும் ஒன்றுதானா? எதை நம்பி வாங்குவது? (வாசகி, கோவை)

பதில்: ஒன்றல்ல. நம் ஊரில் ரீமிக்ஸ் என்றால் பழைய பாட்டுக்கு மேல் தாளத்தை ஏற்றி ஆடவிடுவது என்று ஆகிவிட்டதால் இந்தக் குழப்பம் வருகிறது. குரலும் வாத்தியங்களும் தனித்தனித் தடங்களில் பதிவாகின்றன. பிறகு அவை இரண்டு தடங்களாகக் கலக்கப்படுகின்றன. அந்தக் கலவையின் உரப்பையும் தொனியையும் சீர்செய்து தட்டுக்கோ வட்டுக்கோ ஏற்றபடி ஆக்குவது மாஸ்டரிங். இந்தக் கடைசி வேலையை மட்டும் மறுபடி செய்தால் ரீமாஸ்டர். தனித்தடங்களுக்கே திரும்பிப் போய்ப் புதிதாகக் கலந்தால் ரீமிக்ஸ். முன்னதில் படம் அதேதான், கண்ணாடி மட்டும் துடைக்கப்படுகிறது. பின்னதில் படமே மறுபடி வரையப்படுகிறது.

இவற்றில் சேராத மூன்றாவது ஒன்றும் நடந்திருக்கிறது. ராக் பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் 'பிளிசர்ட் ஆஃப் ஆஸ்' (1980), 'டயரி ஆஃப் எ மேட்மேன்' (1981) ஆகிய ஆல்பங்களில் பேஸ் கிட்டார் வாசித்தவர் பாப் டெய்ஸ்லி, டிரம்ஸ் வாசித்தவர் லீ கெர்ஸ்லேக். உரிமைத்தொகை தொடர்பாக அவர்களுக்கும் ஆஸ்போர்ன் தரப்புக்கும் வழக்கு இருந்தது. 2002இல் வந்த மறுபதிப்புகளில் அந்த இருவரின் வாசிப்பும் அழிக்கப்பட்டு, ராபர்ட் ட்ருஹியோ, மைக் போர்டின் ஆகியோரை வைத்துப் புதிதாகப் பதிந்தவை அவற்றின் இடத்தில் சேர்க்கப்பட்டன. தமிழ் படித்தவர்கள் இதற்கு இடைச்செருகல் என்பார்கள். சுவடியில் இடைச்செருகல் செய்தவராவது தன் சொந்தப் பாட்டைச் சேர்த்தார். இங்கே மூலத்தை நீக்கிவிட்டுச் செருகினார்கள். ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள், 2011ஆம் ஆண்டுப் பதிப்பில் பழைய வாசிப்பு திரும்பி வந்தது. இந்த இரு ஆல்பங்களையும் பழைய சிடிக் கடையில் கண்டால், எந்த ஆண்டுப் பதிப்பு என்று பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

கலைஞரே செய்தால் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ராக் பாடகர் இகி பாப்பும் அவர் குழுவும் 1973இல் வெளியிட்ட 'ரா பவர்' ஆல்பத்தின் கலவையில் பெரும்பகுதியை இன்னொரு பாடகரான டேவிட் போவி செய்தார். ஒலி மெலிந்து போயிற்று என்ற குறை பல காலம் இருந்தது. 1997இல் இகி பாப்பே அதைப் புதிதாகக் கலந்தபோது, ஒலி உடைந்து கரகரக்கும் அளவுக்கு எல்லாவற்றையும் ஏற்றிவிட்டார். 2010இல் போவியின் கலவையே மறுபடி வெளியாயிற்று. நான் 1997ஐ ஒருமுறை முழுதாகக் கேட்டேன். இரண்டாம் முறை கேட்கத் துணிவு வரவில்லை.

எதை நம்புவது என்றால், 'டிஜிட்டல் ரீமாஸ்டர்' என்ற ஒட்டுத்தாளை நம்பாதீர்கள். எந்த நாடாவிலிருந்து, எந்த ஆண்டில், யார் செய்தார் என்பது உள்தாளில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் விலையுயர்ந்த தட்டுகள் மூல நாடாவிலிருந்து நேரடியாக வெட்டப்பட்டவை என்றே சேகரிப்பாளர்கள் நம்பியிருந்தார்கள். அவற்றில் பலவற்றுக்கு இடையில் ஒரு டிஜிட்டல் கட்டம் இருந்தது 2022இல்தான் வெளியே தெரிந்தது. டிஜிட்டல் என்றாலே காதில் குத்துகிறது என்று சொல்லிவந்த பெரியவர்கள் பலர் அதுவரை அந்தத் தட்டுகளைத்தான் புகழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பது வேறு கதை.

கேள்வி: ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' பழைய எல்.பி.யை ஓட்டி, கூடவே கீபோர்டு வாசித்துப் பழகுகிறேன். முதல் பக்கத்தில் மட்டும் சுருதி சேரவில்லை. இரண்டாம் பக்கம் சரியாக இருக்கிறது. டெக்கில் பழுதா? (இசை மாணவர், கொழும்பு)

பதில்: டெக் நன்றாக இருக்கிறது, உங்கள் காது அதைவிட நன்றாக இருக்கிறது. இந்த ஆல்பம் 1959இல் நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் முப்பதாம் தெரு ஒலிப்பதிவுக்கூடத்தில் இரண்டே நாட்களில் பதிவானது. முதல் பக்கத்தில் உள்ள மூன்று உருப்படிகளும் மார்ச் 2ஆம் தேதி பதிவானவை. அன்று முதன்மைப் பதிவுக் கருவி சற்று மெதுவாக ஓடியது. மெதுவாக ஓடிய நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டினால் எல்லாமே கொஞ்சம் வேகமாகி, சுருதியும் ஏறிவிடும். இரண்டாம் பக்கம் ஏப்ரல் 22இல் பதிவானது. அன்று கோளாறு இல்லை. நல்லவேளையாக மார்ச் மாதப் பதிவின்போது பாதுகாப்புக்காக இன்னொரு கருவியும் ஓடிக்கொண்டிருந்தது, அதன் வேகம் சரியாக இருந்தது. 1992இல்தான் அந்த நாடாவை எடுத்து மறுபதிப்பில் சுருதியைச் சரிசெய்தார்கள். அதுவரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் உலகம் முழுவதும் மாணவர்கள் உங்களைப் போலவே தங்கள் வாத்தியத்தைச் சந்தேகித்திருப்பார்கள்.

ஆகவே வாசித்துப் பழக மறுபதிப்பை வாங்குங்கள். மறுபதிப்பே மூலத்துக்கு நெருக்கமானது என்று நான் தயங்காமல் சொல்லக்கூடிய அரிய இடம் இது. மைல்ஸும் அவர் குழுவினரும் அந்த அறையில் வாசித்த சுருதி அதில்தான் இருக்கிறது.

ஒரு குறை உண்டு. 1997இல் வந்த பதிப்பில் கடைசி உருப்படியான 'ஃபிளமெங்கோ ஸ்கெச்சஸ்' முடிந்த கையோடு, அதே உருப்படியின் இன்னொரு வாசிப்பைப் போனஸாகச் சேர்த்திருக்கிறார்கள். அது அருமையான வாசிப்பு; தனியாகக் கேட்டால் மெய்மறந்து கேட்கலாம். ஆனால் அந்த ஆல்பம் அடங்கும் விதமே ஓர் அழகு. அந்த அமைதியில் நாம் உட்கார்ந்திருக்கும்போது அதே தொடக்கம் மறுபடி வருவது, மங்களம் பாடி முடித்த வித்வான் 'இன்னொரு தரம் பாடுகிறேன்' என்று சொல்வது போல இருக்கிறது. ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த அறிஞர்கள் பாடபேதங்களை அடிக்குறிப்பில்தான் தந்தார்கள். போனஸை இரண்டாம் வட்டில் தனியே வைக்கும் பதிப்பாளர்கள் அந்த வழியில் போகிறவர்கள். உங்கள் பதிப்பில் எல்லாம் ஒரே வட்டில் இருந்தால், ஐந்தாம் உருப்படி முடிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: நான் வாங்கிய ரீமாஸ்டர் சிடி முதலில் பிரமாதமாகக் கேட்கிறது, அரை மணி நேரத்தில் சோர்வு தட்டுகிறது. ஏன்? (வாசகர், சேலம்)

பதில்: சிடியில் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, அதற்கு மேல் ஏற்ற முடியாது. ஆகவே டிரம்ஸ் அடி போன்ற உச்சங்களை அமுக்கிவிட்டு, மெல்லிய பகுதிகளை உயர்த்தி, மொத்தத்தையும் கூரையோடு ஒட்ட வைக்கிறார்கள். 1990களின் நடுப்பகுதியிலிருந்து இந்தப் போட்டி கடுமையாயிற்று. உரத்து ஒலிப்பது நன்றாக ஒலிப்பதாகத் தோன்றுவது காதின் இயல்பு. ஏற்ற இறக்கம் இல்லாததால் காது களைப்பதும் அதே காதின் இயல்புதான். பழையதையும் புதியதையும் ஒப்பிடும்போது புதியதன் ஒலியளவைக் குறைத்து, இரண்டும் ஒரே உரப்பில் கேட்கும்படி வைத்துக்கொண்டு கேளுங்கள். முதல் நிமிடப் பிரமாதத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது அப்போது தெரிந்துவிடும். 1980களில் வந்த முதல் தலைமுறை சிடிகள் பழைய கடைகளில் மலிவாகவே கிடைக்கின்றன. சில மெலிந்து ஒலித்தாலும், இந்த அமுக்கம் அவற்றில் இல்லை.

கேள்வி: இந்தியாவில் அச்சான பீட்டில்ஸ் தட்டுகளுக்கு மதிப்பு உண்டா? (வாசகர், மதுரை)

பதில்: எல்.பி.களுக்கு ஓரளவு, நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் 78 வேகத் தட்டுகளுக்கு மிகவும் உண்டு. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 78 வழக்கொழிந்துவிட்ட பிறகும், இங்கே சாவி கொடுக்கும் கிராமபோன்கள் வீடுகளில் இருந்ததால், 1960களின் நடுப்பகுதி வரை பீட்டில்ஸ் பாடல்கள் பார்லஃபோன் லேபிளில் 78 தட்டாகவும் கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆலையிலிருந்து வந்தன. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றைத் தேடி அலைகிறார்கள். உங்களிடம் ஒன்று இருந்தால், கேட்கும் ஆவலில் எல்.பி. முள்ளை அதன் மேல் வைத்துவிடாதீர்கள். 78 தட்டின் தடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். அதற்குத் தனி முள் வேண்டும், 78 வேகம் உள்ள டெக்கும் வேண்டும். தட்டை இரண்டு கைகளாலும் விளிம்பில் பிடியுங்கள். அது அரக்கு, கைதவறினால் கண்ணாடியைப் போல நொறுங்கும்.