கனடாப் பிரஜாவுரிமைக்குச் சட்டத்தரணி கட்டாயமா?

யாழ்ப்பாணத்திலிருந்து போய் அங்கே நிரந்தர வதிவிடம் எடுத்தவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. பிறப்பால் வராமல், நிபந்தனைகளை நிறைவுசெய்து விண்ணப்பித்துப் பெறுகிற பிரஜாவுரிமையைத்தான் சொல்கிறோம். சட்டத்தரணி கட்டாயமில்லை, படிவத்தை நீங்களே நிரப்பலாம். விண்ணப்பத்துக்கு முந்தைய 5 வருடத்தில் 1,095 நாள் கனடாவில் நின்றிருக்க வேண்டும், நல்லூர்த் திருவிழாவுக்கு ஊர் வந்து நின்ற நாட்கள் இதில் சேராது (கடவுச்சீட்டு முத்திரையைப் பார்த்து எழுதுங்கள், ஞாபகத்தை நம்பாதீர்கள்). எல்லை தெளிவான காணிக்கு வேலி அடைக்க யாரும் நீதிமன்றம் ஏறுவதில்லை, தகராறு வந்தால்தான் சட்டத்தரணி, அதே மாதிரித்தான் இதுவும். குற்ற வழக்கு இருந்தாலோ, அகதியாக ஏற்கப்பட்டபின் இலங்கைக் கடவுச்சீட்டில் ஊருக்கு வந்துபோயிருந்தாலோ, தயவுசெய்து முதலில் சட்டத்தரணியைப் பாருங்கள், வதிவிடமே பறிபோகக்கூடிய விஷயம். காசு கொடுத்து லோயர் பிடித்தால் கெதியாகக் கிடைக்கும் என்று பலர் நினைப்பது பிழை, உங்கள் கோப்பும் மற்றவர்களுடைய அதே வரிசையில்தான் நிற்கும்.