அகபாந்தஸ் பூக்கவில்லை, தொட்டியை மாற்றலாமா?

பெரிய தொட்டிக்கு இப்போது மாற்ற வேண்டாம். அகபாந்தஸ் (நீலமாகவோ வெள்ளையாகவோ கொத்துக்கொத்தாகப் பூக்கும் செடி) வேர் ஓரளவு நெருக்கமாக இருந்தால் நன்றாகப் பூக்கும்.

இரண்டு வருடமாக இலைதான் தழைக்கிறது, மாதாமாதம் யூரியா போடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். என் சந்தேகம் அந்த யூரியா மேல்தான். அதிலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சினால் இலைதான் வரும். அதை நிறுத்திவிட்டு, சாம்பல்சத்து (பொட்டாஷ்) கூடிய உரம் கொஞ்சமாகக் கொடுங்கள். தினமும் 6 மணி நேரமாவது வெயில் படட்டும். சித்திரை உச்சிவெயிலுக்கு மட்டும் நிழல்.

அப்புறம், தொட்டியைச் சாய்த்துச் செடியை மெதுவாக உருவி வேரைப் பாருங்கள். வெள்ளையாக, தடிமனாக இருந்தால் சரி. பழுப்பாகக் கொழகொழவென்று இருந்தால் அழுகல். கும்பகோணத்து வயல் களிமண்ணை அப்படியே நிரப்பியிருந்தால் ஐப்பசி அடைமழையில் அதுதான் நடக்கும் (என் முதல் செடி அப்படித்தான் போனது). அழுகியதை வெட்டிவிட்டு, பருமணலும் மட்கிய எருவும் கலந்து அதே அளவுத் தொட்டியில் வையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சாறு பட்டால் அரிக்கும்.

ஒன்று மட்டும். இது தென்னாப்பிரிக்கச் செடி, ஊட்டிக் குளிர் அதற்குப் பிடிக்கும். நம் டெல்டா புழுக்கத்தில் எல்லாம் சரியாகச் செய்தும் பூக்காமல் போகலாம்.