ரிப்பீட்டர் வருடம் போனால் ஜூனியர் வயதும் போகும்

தூத்துக்குடியிலிருந்து ஓர் அம்மா ஆலோசனை கேட்டு மகளோடு என்னிடம் வந்திருந்தார். மகளுக்கு 17 வயது, பிளஸ் டூ முடித்துவிட்டாள், டிராக் சைக்கிளிங்கில் மாநிலப் பதக்கம் இரண்டு. நீட்டில் மதிப்பெண் போதவில்லை. "ஒரு வருஷம் நீட் கோச்சிங்ல ரிப்பீட்டரா சேத்து விடுங்க, சைக்கிளை அப்புறம் பாத்துக்கலாம்" என்று பெரியப்பா சொல்கிறாராம். நீட் பற்றி நான் கேட்டதற்கெல்லாம் அந்தப் பெண் தலையை மட்டும் ஆட்டினாள். ஸ்பிரிண்ட் என்னும் குறுகிய வேகப் பந்தயம் பற்றிக் கேட்டதும் பத்து நிமிடம் மூச்சு விடாமல் பேசினாள்.

அம்மா, உங்களுக்கு ஆறுதல் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அந்த "அப்புறம்" சரியில்லை. சைக்கிளிங்கில் 17, 18 வயது மட்டும்தான் ஜூனியர். 19 ஆகும் வருடத்தில் டிராக் உலகப் போட்டிகளில் நேராக மூத்த பெண்களோடுதான் மோத வேண்டும். கோச்சிங் சென்டருக்கு நீங்கள் கொடுக்கப்போவது அவளுடைய கடைசி ஜூனியர் வருடம். நீட்டை 20 வயதிலும் எழுதலாம்.

பெரியப்பா அமெரிக்க சைக்கிள் வீராங்கனை கிறிஸ்டன் ஃபால்க்னரை உதாரணம் காட்டினாராம். ஹார்வர்டில் படித்து, வேலைக்குப் போய், 2017இல்தான் சைக்கிளிங்குக்கு வந்தவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சாலைப் பந்தயத்திலும் டிராக்கில் டீம் பர்சூட் என்னும் நால்வர் அணிப் பந்தயத்திலும் தங்கம் வாங்கினார். எல்லாம் உண்மை. ஆனால் அவர் ஹார்வர்டில் துடுப்புப் படகு வீராங்கனை. உடம்பை ஒரு வருடம் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவர் வரவில்லை.

மற்ற படிப்புகளைப் பற்றி உறவினர்களே போதுமான அளவு சொல்லியிருப்பார்கள். யாரும் சொல்லாதது டெல்லி இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தில் இருக்கும் வெலோட்ரோம், அதாவது டிராக் சைக்கிளிங் அரங்கம். 250 மீட்டர் மரத் தளம், கூரைக்குக் கீழே. வளைவுகள் சுவர் மாதிரி சாய்ந்து நிற்கும். வேகம் குறைந்தால் சக்கரம் வழுக்கிவிடும். வண்டிக்கு பிரேக் கிடையாது, ஒரே கியர், பெடல் சுற்றுவதை நிறுத்தவும் முடியாது. அங்கேயே இந்திய விளையாட்டு ஆணையத்தின் சைக்கிளிங் அகாடமி இருக்கிறது. தேர்வானால் தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு. வெடித்துக் கிளம்பும் கால் இருந்தால் ஸ்பிரிண்ட், மோட்டார் வண்டிக்குப் பின்னால் ஓட்டித் தொடங்கும் கீரின். நீண்ட மூச்சு இருந்தால் ஒரே நாளில் நான்கு பந்தயம் ஓட வேண்டிய ஆம்னியம். அங்கிருந்து சாலைக்கும் வழி உண்டு. டிராக்கில் பல முறை உலக சாம்பியனான பெல்ஜியத்தின் லோட்டே கோபெக்கி, 2023, 2024 இரண்டு வருடமும் சாலையிலும் உலக சாம்பியன். தூத்துக்குடி பைபாஸில் லாரிகளுக்கு நடுவே அவள் ஓட்டுவதுதான் உங்கள் பயம் என்றால், வெலோட்ரோமில் லாரி இல்லை. விழுந்தால் தோள் எலும்பு உடையலாம், அதை மறைக்க மாட்டேன்.

பண விஷயத்தில் கறாராகவே சொல்கிறேன். நகையை அடகு வைத்து கார்பன் சைக்கிள் வாங்காதீர்கள். அகாடமிக்குத் தேர்வாகும் முன் அது தேவையே இல்லை. மத்திய அரசின் விளையாட்டுத் திட்டமான கேலோ இந்தியாவில் வீராங்கனையாகத் தேர்வானால் கைச்செலவுக்கு மாதம் 10,000 ரூபாய் வரும். ஐரோப்பாவிலேயே உயர்மட்டப் பெண்கள் அணிகளுக்குக் குறைந்தபட்ச ஊதியம் 2020இல்தான் வந்தது, அதுவும் வருடம் 15,000 யூரோ. அதனால் சைக்கிளை நம்பிப் பணக்காரி ஆவாள் என்று கணக்குப் போட வேண்டாம். ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை, தமிழக அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு, இவைதான் கைக்கு எட்டும் இலக்கு. இரண்டுக்குமே பெரிய போட்டிகளில் நல்ல இடம் பிடித்திருக்க வேண்டும். கூடவே இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பட்டப்படிப்பு சேர்த்துவிடுங்கள், அதை விடவே கூடாது.

இரண்டு வருடம் கொடுங்கள். அதற்குள் தேசிய அளவில் பதக்கம் வரவில்லை என்றால் உட்கார்ந்து வேறு பேசுவோம். இந்த வாரம் அகாடமியின் வீரர் தேர்வு அறிவிப்பைத் தேடி விண்ணப்பத்தை அவளே நிரப்பட்டும். பெரியப்பாவிடம் பேச வேண்டுமானால் என் நம்பரைக் கொடுங்கள், நானே பேசுகிறேன்.