ப்ளாக், வாட்ஸ்அப், ஃபார்வர்டு: நம்ம ஊரு ஆளுங்க கேட்டது

2006ல காட்பாடி ப்ரவுசிங் சென்டர்ல மணிக்கணக்குக்கு காசு குடுத்து ப்ளாக் எழுத ஆரம்பிச்ச ஆளு நான், அதனாலயே எதுன்னா சந்தேகம்னா நம்ம பக்கத்து ஆளுங்க எங்கிட்ட வந்துடறாங்க. இந்த வாரம் வந்ததுல சிலது.

சத்துவாச்சாரில இருந்து ரிட்டயர்ட் தமிழ் வாத்தியார்: 2002ல பாமினி ஃபான்ட்ல அடிச்ச கட்டுரை எல்லாம் புது கம்ப்யூட்டர்ல இங்கிலீஷ் எழுத்தா கொட்டுது. போச்சா?

போகல சார். பாமினின்றது ஒரு வேஷம், அவ்ளோதான். உள்ள இருக்கறது இங்கிலீஷ் ஜே, அதுக்கு மேல 'த' படத்த மாட்டினாங்க, கேவுக்கு 'ம'. அந்த ஃபான்ட் இல்லாத மெஷின்ல வேஷம் கலைஞ்சுடுது. எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு முறைல 'த'வுக்குன்னே தனி நம்பர் கீது, எந்த ஃபோன்ல தொறந்தாலும் 'த'தான். என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி ஒண்ணுல போட்டு மாத்திக்கலாம், ஆனா கட்டுரை நடுவுல இங்கிலீஷ் வார்த்தை இருந்தா அதையும் தமிழ்னு நெனச்சு கொதறிடும், பொறுமையா ஒருவாட்டி படிச்சு திருத்துங்க. பழைய ஃபைல அழிச்சுடாதீங்க.

ஆம்பூர் கடைக்காரர்: கஸ்டமருக்கு தமிழ்ல எஸ்எம்எஸ் அனுப்பினா ரெண்டு மூணுன்னு கணக்கு ஏறுதே, இன்னா அநியாயம் இது?

இங்கிலீஷ்னா 160 எழுத்து ஒரு எஸ்எம்எஸ், நடுவுல ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் மொத்தமும் 70 ஆயிடும். அதுலயும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியா எண்ணும். 'வேலூர்' நமக்கு மூணு எழுத்து, அதுக்கு ஆறு. அந்தக் காலத்து ஃபோன் பாதில தமிழே தெரியாது, கட்டமா வரும், இதுல காசும் கூடன்னா யாரு தமிழ்ல அடிப்பான்? எங்க செட்டு தங்கிலீஷ்ல பழகினது பாதி இதனாலதான், தமிழ்ப்பற்று இல்லாம இல்ல.

காட்பாடி காலேஜ் பொண்ணு: ரீல்ஸ் காலத்துல ப்ளாக் எல்லாம் யாருண்ணா படிக்கிறாங்க?

கம்மிதான்மா, பொய் சொல்லல. 2004ல தமிழ் ப்ளாக்க எல்லாம் ஒரே எடத்துல காட்டற தமிழ்மணம் சைட்டு வந்தப்ப யாரு புதுசா எழுதினாலும் அதுல வரிசையா தெரியும், கூகுள் ரீடர்ல நமக்குப் புடிச்சவங்கள போட்டு வெச்சா எழுதினது தானா வந்து விழும், 2013ல அதையும் மூடிட்டாங்க, அப்பறம் ஃபேஸ்புக் எத காட்டுதோ அததான் படிச்சோம். எழுதறவன் ஓடிப்போகல, படிக்க வர வழிதான் அடைஞ்சுபோச்சு. எழுதற விதமும் மாறுச்சு, முன்னாடி ஒரு பதிவுக்கு நாப்பது பேரு வந்து நாலு நாள் சண்டை போடுவாங்க, இப்ப ஒரு ஹார்ட்டு. ஆனா ஒண்ணு, நான் எப்பவோ இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய பத்தி எழுதினத இன்னிக்கும் யாராச்சும் தேடி வந்து படிக்கிறாங்க. உன் ஸ்டோரி 24 மணி நேரத்துல காணாம பூடும். ரீல் போடு, வேணாங்கல, அதுல பேசினத அப்படியே எழுதி ஒரு எடத்துல வை.

குடியாத்தம் அக்கா: இன்ஸ்டால லுங்கி விக்கிறேன், நம்பர் போட்டும் யாரும் கூப்பிடல.

பார்த்தேன்க்கா. நம்பர் படத்துக்குள்ள கீது, தட்டினா கால் போகாது, காப்பியும் பண்ண முடியாது. பயோல வாட்ஸ்அப் லிங்க் போடுங்க, வெல, நூல் கவுண்ட்டு, நீளம் எல்லாம் படத்துக்கு கீழ எழுத்தா போடுங்க. வெலைக்கு "டிஎம்"னு, அதாவது தனி மெசேஜ்ல கேளுங்கன்னு, போடறத விட்டுடுங்க, பாதி பேரு வெல தெரியலன்னா போயிடுவாங்க.

போளூர் தம்பி: ஃபேமிலி குரூப்ல பெரியப்பா புள்ள புடிக்கிறவங்க வீடியோ போட்டுகினே இருக்காரு. எப்படி சொல்றது?

போளூர்க்காரன் நீ, உனக்கு நான் சொல்லணுமா. 2018 மே மாசம் அத்திமூர் பக்கம் குலதெய்வம் கோயிலுக்கு வந்த குடும்பம், வழி கேக்க நின்ன எடத்துல கொழந்தைங்களுக்கு சாக்லேட் குடுத்துச்சுன்னு, புள்ள புடிக்கிறவங்கன்னு நெனச்சு ஊர்க்காரங்க அடிச்சு, 65 வயசு அம்மா ஒருத்தங்க செத்தே போனாங்க. முன்னாடியே வாட்ஸ்அப்ல இதே வதந்திதான் சுத்திகினு இருந்துது. அந்த வருஷம் நாடு முழுக்க இப்படி நடந்தப்பறம்தான் 'ஃபார்வர்டட்'னு முத்திரையும், இந்தியால ஒரு தடவைக்கு அஞ்சு பேருக்குத்தான்ற கட்டுப்பாடும் வந்துச்சு. அந்த முத்திரைல ரெட்டை அம்பு கீதுன்னா பல கை மாறி வந்துதுன்னு அர்த்தம், 2020ல இருந்து அத ஒரு தடவைக்கு ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும்.

பெரியப்பாவ குரூப்ல வெச்சு தப்புன்னு சொல்லாத, ரோஷம் வந்து இன்னும் பத்து போடுவாரு. தனியா கூப்ட்டு, "பெரிப்பா இது எந்த ஊரு, எப்ப எடுத்தது?"ன்னு மட்டும் கேளு. எங்க மாமா ஒருத்தரு மூணாவது தடவையே "தெர்லப்பா"ன்னுட்டு நிறுத்திட்டாரு, இப்ப குட்மார்னிங் மட்டும்தான், அத யாராலயும் நிறுத்த முடியாது.

ஆற்காட்டுல இருந்து ஒருத்தர்: அப்பா போன வருஷம் தவறிட்டாரு. பாலாறு, பழைய வடஆற்காடு பத்தி ப்ளாக்ல நெறைய எழுதி வெச்சிருக்காரு, பாஸ்வேர்ட் தெரியாது. அப்படியே இருக்குமா?

இருக்கும்னு நம்பி விடாதீங்க. ரெண்டு வருஷம் யாரும் தொறக்காத கூகுள் கணக்க அழிக்கலாம்னு 2023ல விதி போட்டுட்டாங்க. அப்பா ஃபோன் இன்னும் வீட்ல இருந்தா ரீசெட் பண்ணாதீங்க, சிம்மும் ரீசார்ஜ் பண்ணி உயிரோட வெச்சுக்குங்க, ஓடிபி அதுலதான் வரும். அதுலயே லாகின் ஆகிகீதான்னு பாருங்க, ஆகியிருந்தா ப்ளாகர் செட்டிங்ஸ்ல பேக்கப் இருக்கும், இன்னிக்கு ராத்திரியே எடுத்துடுங்க. இல்லன்னா ஞாயித்துக்கிழமை ஃபோன எடுத்துகினு வாங்க, உக்காந்து பாக்கலாம்.