வீடு தேடிப் போற நர்ஸ் வேலை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மேடம், நான் ஆஸ்பத்திரி வார்டுல ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். வயசானவங்களுக்கான சமூக மனநலப் பிரிவுக்கு மாற விருப்பமான்னு கேக்குறாங்க, வீடு வீடா போய்ப் பார்க்கணுமாம். கூட வேலை பார்க்குறவங்க "அது சும்மா பேசிட்டு வர்ற வேலை, கத்துக்கிட்டதெல்லாம் மறந்துடும்"ங்கறாங்க. போகலாமா?

பதில்: தாராளமா போங்கம்மா. எதுவும் மறக்காது, உங்க வார்டு அனுபவம் முழுசும் அங்கதான் தேவைப்படும். வார்டுல டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார், சந்தேகம்னா பக்கத்துல இன்னொரு சிஸ்டர் இருப்பாங்க, இங்க நீங்களும் அந்தப் பெரியவரும் மட்டும்தான், என்ன நடக்குதுன்னு நீங்களேதான் மோப்பம் பிடிக்கணும்.

ஒரு மகன் போன் பண்ணி "அப்பாவுக்கு மறதி நோய் முத்திடுச்சு, ராத்திரி பூரா சுவரப் பார்த்துப் பேசிட்டிருக்கார்"னு சொல்றார்னு வைங்க. முதல்ல கேக்க வேண்டியது "எப்பலேருந்து?" முந்தாநாள்லேருந்துன்னு பதில் வந்தா உடனே உஷாராகணும். டிமென்ஷியா பெரும்பாலும் மாசக்கணக்குல, வருஷக்கணக்குல மெதுவா வரும், ரெண்டு நாள்ல ஆளே மாறிட்டார்னா அது டெலிரியமா, அதாவது உடம்புக் கோளாறால திடீர்னு வர்ற மனக்குழப்பமா இருக்க வாய்ப்பு அதிகம். யூரின் இன்ஃபெக்‌ஷன், மலச்சிக்கல், தண்ணி சரியா குடிக்காதது, சோடியம் குறைஞ்சது, புதுசா ஆரம்பிச்ச மாத்திரை, சளிக்கு கடையில வாங்கின மாத்திரைகூட காரணமா இருக்கலாம். நாடி, டெம்பரேச்சர், பிபி பாருங்க, அடிவயித்த தொட்டுப் பாருங்க, அன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லுங்க. கத்துறவர எல்லாரும் கவனிச்சிடுவாங்க, சத்தமே இல்லாம சுருண்டு படுத்துக் கிடக்குறவரதான் "அசதி"ன்னு விட்டுடுவாங்க, அதுவும் டெலிரியமா இருக்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.

எனக்குக் கோபம் வர்ற ஒரு வார்த்தை "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருப்பாங்க". டிப்ரஷன் வயசோட சேர்ந்து வர்ற விஷயம் இல்ல, ட்ரீட்மென்ட் குடுத்தா சரியாகுற நோய். ஆனா பெரியவங்க "மனசு சரியில்ல"ன்னு வாயத் திறந்து சொல்ல மாட்டாங்க, வயித்துவலி, தூக்கமில்லன்னுதான் சொல்வாங்க. அவங்களுக்கு டிப்ரஷன் இருக்கான்னு கண்டுபிடிக்க 1980கள்ல ஜிடிஎஸ்னு (ஜீரியாட்ரிக் டிப்ரஷன் ஸ்கேல்) ஒரு கேள்வித்தாள் வந்தது, அதோட சின்ன வடிவத்துல 15 கேள்வி, ஆமா இல்லன்னு சொன்னா போதும், உடம்பு வலி பத்தி ஒரு கேள்வியும் இருக்காது, ஏன்னா அந்த வயசுல வலி எல்லாருக்கும்தான் இருக்கு. யாராவது "எல்லாருக்கும் பாரமா இருக்கேன்"னு சொன்னா பேச்ச மாத்தாதீங்க, செத்துப்போயிடலாம்னு தோணுதான்னு நேராவே கேளுங்க, கேட்டதால அந்த எண்ணம் வந்துடாது. தனியா இருக்குற ஆண்கள்கிட்ட இத இன்னும் கவனமா கேக்கணும்.

மாத்திரை டப்பாவ கண்டிப்பா திறந்து பாருங்க. காலை கட்டமெல்லாம் காலியா இருக்கு, ராத்திரி கட்டமெல்லாம் அப்படியே இருக்குன்னா அது மறதின்னு முடிவு பண்ணிடாதீங்க, ராத்திரி மாத்திரை போட்டா எழுந்திருக்கும்போது தலை சுத்துது, விழுந்துடுவோம்னு பயந்து அவரே விட்டிருக்கலாம். படுக்க வச்சு ஒரு பிபி, நிக்க வச்சு ஒரு பிபி எடுங்க, நிக்கும்போது மேல் அளவு 20ஓ அதுக்கு மேலயோ இறங்குச்சுன்னா அவர் சொல்றது நிஜம். லித்தியம்ங்கற மனநல மாத்திரை சாப்பிடுறவருக்கு கை நடுக்கம் அதிகமாகி வாந்தி, தள்ளாட்டமும் இருந்தா வயசு மேல பழி போடாம அவசரமா ரத்தத்துல லித்தியம் அளவு பார்க்கச் சொல்லணும், வாந்திபேதியோ மூட்டுவலிக்கு சாப்பிட்ட ஐபுப்ரோஃபென்னோ போதும் அது ஏறுறதுக்கு.

கஷ்டம் இல்லாம இல்ல, ரிப்போர்ட் எழுதுற வேலை நிறைய, தனியா போறதால எந்த வீட்டுக்கு எப்ப போறீங்கன்னு ஆபீஸ்ல சொல்லிட்டுப் போங்க, மனசுல தங்குற கேஸ சீனியர்கிட்ட உக்காந்து பேசிடுங்க.

கேள்வி: அம்மாவுக்கு டிமென்ஷியா, மாத்திரைய துப்பிடுறாங்க. சாப்பாட்டுல பொடிச்சுக் கலந்து குடுக்கலாமான்னு கேட்டா வீட்டுக்கு வர்ற நர்ஸ் கூடாதுங்கறாங்க, அதுக்கு பதிலா "நீங்க தூங்குறீங்களா"ன்னு என்னையே விசாரிக்கிறாங்க. நான் பேஷன்ட் இல்லையே?

பதில்: நீங்க படுத்துட்டா அம்மாவ யாரும்மா பார்ப்பா? அதனாலதான் கேக்குறாங்க, அதுவும் அவங்க வேலைல ஒரு பாதி. கூச்சப்படாம உள்ளதச் சொல்லுங்க, யாராவது வந்து பார்த்துக்கிட்டா நீங்க ஓய்வெடுக்க வழி பண்ணுவாங்க. பொடிக்கிறத நீங்களா செய்யாதீங்க, மெதுவா கரையுற மாதிரி செஞ்ச மாத்திரைய பொடிச்சா மொத்த மருந்தும் ஒரே நேரத்துல உடம்புல இறங்கிடும். மறைச்சுக் குடுக்குறதும் அம்மாவோட உரிமை சம்பந்தப்பட்டது, டாக்டர், பார்மசிஸ்ட், நர்ஸ், குடும்பம் எல்லாம் சேர்ந்து முடிவெடுத்து எழுதி வச்சாதான் செய்யலாம். அதுக்கு முன்னாடி ஏன் துப்புறாங்கன்னு பாருங்க, வாய்ப்புண்ணா, பல்செட் உறுத்துதா, முழுங்கவே கஷ்டமா இருக்கா? முழுங்குறதுதான் பிரச்சினைன்னா நிறைய மருந்து சிரப்பாவே கிடைக்குது, சிலது தோல்ல ஒட்டுற பேட்ச்சாவும் வருது. எந்த மாத்திரைய, எந்த நேரத்துல துப்புறாங்கன்னு ஒரு வாரம் குறிச்சு வச்சு, நர்ஸ் அடுத்து வரும்போது குடுங்க.